ஒலிச் சோதனைக்கு வந்த மாலைகள்

ஒரே ஒரு கடிதத்தைத் தவிர மதிவதனியிடம் எல்லாம் இருந்தது. மைதானத்துக்கு மாநகராட்சியின் அனுமதி, தீயணைப்பு நிலையத்தின் சான்று, மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு, ஒன்பது கானா குழுக்களின் சம்மதம் எல்லாம் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையில் திறந்தவெளி கானா விழா. சனிக்கிழமை மாலைக்குள் தாமரை நகர் குடியிருப்போர் நலச் சங்கம் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தந்தால் காவல் நிலையம் அனுமதி கொடுக்கும். தராவிட்டால் விழா கிடையாது.

"எனக்கு கானான்னா உசுரும்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அருள்மொழி. நடுவயதுப் பெண்மணி. மேசைமேல் இருந்த போனை விரலால் தட்டிக் காட்டினார். "ஆனா அந்த லெட்டர் இல்லாம நான் பர்மிஷன் குடுத்தா அன்னைக்கு ராத்திரி முழுக்க இதுதான் பாடும்."

மதிவதனி மண்ணூர்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை செய்பவள். விழா நடத்துவது அவள் தொழில் அல்ல. அவளுடைய அப்பா கஜபதி அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பெயர் வாங்கிய கானா பாடகர். ஆனால் சாவு வீட்டில் மட்டும்தான் பாடியிருக்கிறார். முப்பது வருடத்தில் ஒரு மேடை ஏறவில்லை. சாவு வீட்டில் பாடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. வந்தவர்கள் பிணத்தைப் பார்ப்பார்கள், அழுவார்கள், போவார்கள். கஜபதியும் கண்ணை மூடிக்கொண்டு பாடியே பழகிவிட்டார். ஒரு தடவையாவது ஜனங்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பாட்டை அவர் பாட்டுக்காகவே கேட்க வேண்டும் என்பது மகளின் ஆசை. ஒன்பது குழுக்களையும் அவள் கூட்டியது பத்தாவதாக அவர் பாடப்போகும் அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்காகத்தான்.

சங்கத் தலைவர் ஜெகதீசன் வீட்டின் மதிலும் மைதானத்தின் வேலியும் ஒன்றே. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமரை நகரில் பாதிப் பேர் அப்படித்தான். திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ஓய்வு பெறுவதற்கு முன்னால் இங்கே மனை வாங்கியவர்கள். மதிவதனி போனபோது ஜெகதீசன் அவளை உட்கார வைத்து, மோர் கொடுத்து, போன வருடத்துக் கதையைச் சொன்னார். ஏதோ ஒரு கட்சிக்காரரின் பிறந்த நாளுக்கு அந்த மைதானத்தில் இன்னிசை நடந்தது. சமையலறை அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒவ்வொன்றாக நடந்து வந்து விளிம்பிலிருந்து குதித்தன. நள்ளிரவில் கூட்டம் கலைந்தபோது மூன்று தெருவின் மதில்களும் நனைந்திருந்தன.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. டெஸ்ட் பண்ணணும்னு சொல்றேன். முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் ஆகாத ஒரு போல்ட்டைக்கூட நான் கேட்டுக்கு வெளிய விட்டதில்ல."

"டெஸ்ட் எப்படி சார்?"

"நீங்க ஸ்பீக்கரை வேலி ஓரமா வச்சுப் பாடுங்க. நான் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து அளக்கறேன். போன்ல மீட்டர் ஏத்தி வச்சிருக்கேன். அம்பத்தஞ்சு டெசிபெல் தாண்டக் கூடாது. குடியிருப்புக்குப் பகல்ல அதான் கணக்கு."

"ஊருக்கெல்லாம் சொல்லிடட்டுமா சார், டெஸ்ட்டுன்னு?"

"மூச்சு விடாதீங்க" என்றார் ஜெகதீசன். "சொல்லிட்டுப் பண்ணினா எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கொசு பறந்தாலும் புகார் வரும். முன்னறிவிப்பு இல்லாத சோதனைதான் சோதனை."

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது இன்னொன்றையும் சொன்னார். சோதனையில் தேறினாலும் அவர் ஒருவர் கையெழுத்துப் போட முடியாது. பொதுக்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். குறைந்தது நாற்பது பேர் வர வேண்டும்.

"கடைசியா எப்ப சார் நாப்பது பேர் வந்தாங்க?"

ஜெகதீசன் நேர்மையாக யோசித்தார். "சங்கம் ஆரம்பிச்ச அன்னைக்கு. பிரியாணி போட்டோம்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பொதுக்குழு என்று அவர் வாட்ஸாப் குழுவில் போட்டார். நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கட்டைவிரலை உயர்த்துகிறவர்கள் வருவதில்லை என்பது அவருடைய அனுபவம்.

சனிக்கிழமை காலை சவுண்ட் சர்வீஸ் செல்வகுமார் மினி வேனில் வந்து இறங்கினான். அவனிடம் ஒலிபெருக்கியும் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரே வண்டியில்தான் வரும். கல்யாணமானாலும் கருமாதியானாலும் பிரித்து எடுத்துவர அவனுக்கு நேரமில்லை. நாற்காலிகளை இறக்கினால்தான் அடியில் இருக்கும் பெட்டிகளை எடுக்க முடியும். எனவே நாற்காலிகளை இறக்கி, வழியை அடைக்காமல் ஜெகதீசன் வீட்டு வாசலில் வரிசையாகப் போட்டான். பிறகு வெயிலைப் பார்த்தான்.

"ஆம்ப்ளிபையர் சூடாச்சுன்னா கட் ஆயிடும் அண்ணாத்தே" என்று கஜபதியிடம் சொல்லிவிட்டு, நாற்காலிகளுக்கு மேலே சாமியானாவைக் கட்டினான்.

முதல் சோதனை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. டோலக் அடிக்கும் அசோக் கையை ஓங்கி ஒரு அடி அடித்தான். அதை இரண்டு பேஸ் பெட்டிகள் வாங்கி நிலத்துக்குள் அனுப்பின. வீட்டுக்குள்ளிருந்து எவர்சில்வர் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஜெகதீசன் கையில் ஒரு டம்ளரோடு வந்தார். இன்னொரு கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. தொழிற்சாலையில் கழித்த சாமானுக்குச் சிவப்புக் குறி போடுவது வழக்கம். வீட்டிலும் அவர் அந்தப் பெயிண்ட்டை வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளின் முதுகிலும் பெருக்கல் குறி போட்டார்.

"ரிஜெக்ட். பாட்டு வேணா கேக்கலாம். இது சுவத்து வழியா வருது."

"சார், பேஸ் இல்லாத கானா உப்பில்லாத கூழு சார்" என்றான் செல்வகுமார்.

"எனக்கு ப்ரெஷர். உப்பு ஆகாது" என்று சொல்லிவிட்டு ஜெகதீசன் உள்ளே போய்விட்டார்.

மதிவதனி செல்வகுமாரைப் பார்த்தாள். "கழட்டிடு. அவரு சொல்றது ஞாயம்தான். டம்ளரே உழுவுதுன்னா கொழந்த எப்டி தூங்கும்?"

செல்வகுமார் இரண்டு பெட்டிகளையும் படுக்க வைத்து, ஒன்றன் தலைமாட்டில் இன்னொன்றாக, சாமியானாவின் நடுவில் தள்ளினான். புழுதி ஏறாமலிருக்க மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினான். அதன்பின் மனம் நொந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

மதிவதனி அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தாள். "நைனா, நான் மூணாவது தெருவுக்குப் போயி அங்க எப்டி கேக்குதுன்னு பாத்துட்டு வரேன். நீ பாட்டுக்குப் பாடிகினே இரு. நிறுத்தாத."

"இன்னா பாடறது?"

"உனக்கு இன்னா வருமோ அதைப் பாடு."

அவருக்கு வந்தது ஒன்றுதான். சாவு கானாவில் செத்தவர் பெயரை ஒவ்வொரு அடியிலும் சேர்ப்பது முறை; பெயரில்லாமல் பாட அவருக்கு வராது. கஜபதி சுற்றிலும் பார்த்தார். கேட்டில் பெயர்ப் பலகை இருந்தது. கண்ணை மூடினார்.

*ஆவடியில ரயிலு நிக்கும் அரை நிமிசம் ஜெகதீசா,*
*ஆயுசுக்கு ஸ்டாப்பிங் இல்ல, ஓடிடுச்சே ஜெகதீசா.*

மூன்றாவது தெருவின் முனையில் நின்ற மதிவதனிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. சத்தம் அதிகமில்லை, பக்கத்து வீட்டு டிவி அளவுக்குத்தான் இருந்தது. ஜெகதீசன் சாரை இப்படிப் பெயர் சொல்லிப் பாட வேண்டுமா என்று மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. போனதும் மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாலாவது தெருவுக்கு நடந்தாள்.

அங்கே ஒரு வீட்டிலிருந்து பனியனோடு வெளியே வந்த ஒருவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு உள்ளே ஓடினார். சட்டையோடு திரும்பி வந்தார். எதிர் வீட்டில் ஒரு அம்மாள் குக்கரை அணைத்துவிட்டு, தலையை முடிந்துகொண்டு கிளம்பினார். பைக்கில் இரண்டு பேர் போனார்கள். பின்னால் இருந்தவர் மடியில் மாலை இருந்தது. எல்லோரும் அவளைக் கடந்து அவள் வந்த திசையிலேயே போனார்கள்.

முனையில் பூக்கடை வைத்திருக்கும் வேம்புலியம்மாளின் கடையில் ஒரே நெருக்கடி.

"இன்னாக்கா, இன்னா கூட்டம்?"

"ஜெகதீசன் சாரு பூட்டாராம்மா" என்றாள் வேம்புலியம்மாள், கை நிற்காமல் சாமந்தியைத் தொடுத்துக்கொண்டே. "போனு போட்டா போவல. ஊட்டு கதவு சாத்திக் கீதாம். சாமியானா போட்டாச்சு. மாலை ஸ்டாக்கு தீந்து போச்சு, நீ சாமந்திலதான் வாங்கிக்கணும்."

மதிவதனிக்கு முதலில் தோன்றியது அந்த ஒற்றை டோலக் அடி. அந்த அடி டம்ளரை மட்டுமா தள்ளியது? ப்ரெஷர் இருக்கிறது என்று அவரே சொன்னாரே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லையே. அவள் ஓட ஆரம்பித்தாள்.

வாசலில் இருந்த நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. உட்கார இடமில்லாதவர்கள் மதிலோரம் நின்றார்கள். வெள்ளைத் துணியின் மேல் மாலைகள் குவிந்திருந்தன. ஜெகதீசனோடு ஒரே ஷிப்டில் இருபது வருடம் வேலை பார்த்த திருநெல்வேலி சுப்பராயன் தலைமாட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"நேத்துதான்வே பால் பூத்துல பாத்தேன். ஐஸ் பெட்டி இன்னும் வரலியா?"

"ஆள் நெட்டையாச்சே சார், சின்னதா தெரியறாரே?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"உசிரு போனா கொஞ்சம் சுருங்கத்தான்வே செய்யும்."

கஜபதி பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்தார். எதிரே மாலையோடு ஆட்கள் நின்றார்கள். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடமாக அவர் பார்த்த காட்சிதான். அதில் விநோதமாக அவருக்கு ஒன்றும் படவில்லை. மறுபடி கண்ணை மூடி, ஒரு சுதி ஏற்றினார்.

மதிவதனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து துணிக்கு அடியில் இருப்பதைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் தெரிந்தது. அவளுக்கு உயிர் திரும்பியது. திரும்பிய உயிர் உடனே சிரிப்பாக மாறி வாய் வரைக்கும் வந்தது. அடக்குவதற்குப் புடவையால் வாயைப் பொத்திக் குனிந்தாள். பக்கத்தில் இருந்த லாவண்யா என்பவள், மூன்றாவது தெருக்காரி, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாதம்மா. உனக்குக்கூட வேண்டியவரா?"

அந்த நேரத்தில் ஜெகதீசனின் மனைவி தாயம்மாள் ரேஷன் கடையிலிருந்து வந்தாள். கையில் சர்க்கரையும் பருப்பும் இருந்த பை. தன் வீட்டு வாசலில் சாமியானாவைக் கண்டதும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கிளம்பும்போது புருஷன் போனை நோண்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வாசல் குறுகலென்று இங்கே பந்தல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அவளைக் கண்டதும் பெண்கள் ஓடிவந்து கட்டிப் பிடித்து அலறினார்கள்; அந்த அலறலில் பாட்டில் வந்த பெயர் அவள் காதில் விழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களோடு சேர்ந்து அழுவது மரியாதை. தாயம்மாளும் பையைக் கீழே வைத்துவிட்டு, லாவண்யாவின் தோளில் தலை வைத்து, வஞ்சனையில்லாமல் நன்றாக அழுதாள். மூக்கைத் துடைக்க ஒரு இடைவெளி கிடைத்தபோது கேட்டாள்:

"யாரு போனது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பித்து பிடிச்சுடுச்சு" என்றாள் ஒருத்தி. "அக்கா, உங்க ஊட்டுக்காரருதான்."

"அவரா?" என்றாள் தாயம்மாள். "அவரு உள்ளதான கீறாரு."

இதைக் கேட்டு ஒப்பாரி இரண்டு மடங்கானது. புருஷன் உள்ளே இருக்கிறார் என்று சொல்லும் ஒரு மனைவியைவிடப் பரிதாபமான ஒன்றைத் தாமரை நகர்ப் பெண்கள் கண்டதில்லை. எல்லோரும் ஒரே குரலில் கதறினார்கள்.

கதவு திறந்தது.

ஜெகதீசன் படியில் நின்றார். கையில் போன். முகத்தில் முப்பத்தாறு வருடத்துத் தரப் பரிசோதகரின் கோபம். கூட்டத்தைப் பார்க்கவில்லை, போன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது? இவ்வளவு நேரம் ஐம்பத்திரண்டுலயே நின்னுச்சு. பாட்டு அருமையா பாஸ் ஆயிட்டு இருந்துச்சு. இப்ப எண்பத்தொண்ணு காட்டுது."

டோலக் நின்றது. அழுகை நின்றது. சுப்பராயன் துணியைப் பார்த்தார், ஜெகதீசனைப் பார்த்தார், தன் கையிலிருந்து இப்போதுதான் போன மாலையைப் பார்த்தார்.

"வே ஜெகதீசா. நீ போகலியா?"

"எங்க போகணும்?"

யாரோ ஒருவர் சிரித்தது தும்மல் மாதிரி கேட்டது. அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள், நின்றவர்கள் மதிலில் சாய்ந்து சிரித்தார்கள், ஒருவர் சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, கம்பம் அவரோடு சேர்ந்து ஆடியது. தாயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. படியேறிப் போய் புருஷனின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இது ஏன் அடிச்சா எடுக்கல?"

"மீட்டர் ஓடும்போது கால் வந்தா ரீடிங் கெட்டுடும். ஏரோபிளேன் மோடுல போட்டேன்."

"ஊரே உன்னை ஏரோபிளேன்ல ஏத்தி உட்டுடுச்சு. நான் வேற அயுதுட்டேன், உனக்குன்னு தெரியாம."

ஜெகதீசனுக்கு இப்போதுதான் மாலைகள் கண்ணில் பட்டன. அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். தான் போட்ட பெருக்கல் குறியைக் கண்டார். பிறகு கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று மதிவதனிக்குப் புரிந்தது.

"நாப்பத்தேழு" என்றார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. "எல்லாரும் உக்காருங்க. மணி பன்னெண்டாகப் போகுது. பொதுக்குழு."

"சார், நாங்க எழவுக்கு வந்தோம்" என்றார் ஒருவர்.

"வந்தாச்சு இல்ல. யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது."

அப்படித்தான் சங்கத்தின் இரண்டாவது முழுமையான பொதுக்குழு கூடியது. ஜெகதீசன் படியில் நின்றபடியே சோதனையின் முடிவைச் சொன்னார். பேஸ் பெட்டி தோல்வி, கழிக்கப்பட்டது. பாட்டும் டோலக்கும் வெற்றி. பொதுமக்கள் தோல்வி. இனி யாருக்கு என்ன குறையோ சொல்லலாம். மதிவதனி அவர் பக்கத்தில் போய் நின்றாள். சிரிப்பு இன்னும் அடங்காததால் கன்னம் வலித்தது. ஆனால் சிரித்த ஜனம் கையைத் தூக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சுப்பராயன் முதலில் எழுந்தார். "பாட்டு கெடக்கட்டும். பாட்டு கேட்டுட்டு எங்க போய் ஒண்ணுக்குப் போவாவ? போன வருசம் என் மதிலுல போயிட்டுப் போனானுவ. ஒருத்தன் பாடிக்கிட்டே போனான்."

"ஆறு வண்டிக் கக்கூஸ் சொல்லிக்கீறேன் சார்" என்றாள் மதிவதனி. "உங்க மதிலாண்ட ஒரு ஆள் நிறுத்தறேன்."

"பாடாத ஆளா நிறுத்தும்மா."

லாவண்யா எழுந்தாள். "எம் பொண்ணுக்கு திங்கக்கெயம கணக்குப் பரீட்ச. எட்டு மணிக்கு முடிச்சிடணும்."

"பத்து வரைக்கும் ரூல் கீதுக்கா."

"ரூலு பரீட்ச எயுதாது."

ஒன்பது மணியில் வந்து நின்றார்கள். அதன்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தலை கலைந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அழுததால் அல்ல. பானுப்பிரியா, ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டி எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள்.

"எனக்குப் பாட்டே கேக்கல" என்றாள். "நல்லாத் தூங்கிட்டிருந்தேன். சார் செத்துட்டார்னு சொல்லித்தான் எழுப்பினாங்க. நாளைக்கும் நான் நாலு மணி வரைக்கும் தூங்கணும். அதுக்கு முன்னாடி மைக்கைத் தட்டிப் பாக்கக்கூட வேணாம். அவ்ளோதான்."

மதிவதனி கணக்குப் போட்டாள். மதியம் இரண்டிலிருந்து பத்து வரை என்று திட்டம். நாலிலிருந்து ஒன்பது என்றால் மூன்று மணி நேரம் போச்சு. ஒன்பது குழுக்களும் தொலைவிலிருந்து வருகிறவை. யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் குறைத்தாலும் இடம் போதாது. கடைசி அரை மணி நேரம்தான் போக வேண்டும். அவள் மைக்கோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. பரவாயில்லை என்று கையை அசைத்தார்.

"நாலு மணிக்கே ஆரம்பிக்கறோங்க" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "கடைசியா பாடறவரை எடுத்துட்டா சரியா வந்துடும்."

"கடைசியா யாரு?" என்றார் ஜெகதீசன்.

"எங்க நைனா. இவருதான்."

ஜெகதீசன் திரும்பிக் கஜபதியை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் ஒருத்தர்தான் டெஸ்ட்டுல பாஸ் ஆனவரு. மத்த ஒம்பது பேரை நான் அளக்கவே இல்ல. பாஸ் ஆன சாமானை எடுத்துட்டு அளக்காத சாமானை அனுப்பறதா? அது எந்த ஊர் நியாயம்?"

"அவரு பாடினா யாரு செத்ததுன்னு மறுபடி எல்லாரும் மாலையோட வந்துடுவாங்க சார்" என்றாள் லாவண்யா.

"வரட்டும். கூட்டத்துக்கு ஆள் வேணும்தானே."

பானுப்பிரியா இன்னும் உட்காரவில்லை. "அந்த ஐயா மட்டும் மூணரைக்குப் பாடட்டும்" என்றாள். "அவர் பாடினா நான் தூங்கறேன். இப்பத்தான் தெரிஞ்சுதே."

இது பாராட்டா என்று கஜபதிக்குத் தெரியவில்லை. ஆனால் நாற்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மைக்கின் பின்னால் ஒளிய முயன்றார். மைக் ஒல்லியாக இருந்தது.

"இன்னாம்மா எல்லாரும் என்னியே பாக்குறாங்க" என்று மகளிடம் முணுமுணுத்தார். மைக் அதையும் வாங்கிக் கூட்டத்துக்குக் கொடுத்தது. கை தட்டினார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. எல்லாக் கைகளும் மேலே போயின; எதிர்ப்பு இல்லை. ஜெகதீசன் சங்கத்தின் கடிதத் தாளை எடுத்து வந்து, நிபந்தனைகளை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை வாயால் ஊதி அழுத்தினார். மதிவதனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டபோது தெருவில் ஜீப் வந்து நின்றது. அருள்மொழி இறங்கினார். கையில் சாமந்தி மாலை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தவர் ஜெகதீசன் எதிரே வந்து நின்றுவிட்டார்.

"சார். நீங்க."

"பொதுக்குழு மேடம். வாங்க."

"பொதுக்குழுவுக்கு எதுக்கு சார் இவ்ளோ மாலை?"

மதிவதனி கடிதத்தை நீட்டினாள். அருள்மொழி படித்தார், ஒவ்வொரு நிபந்தனைக்கும் தலையாட்டினார், கடைசியில் வெள்ளைத் துணியைப் பார்த்தார். "அது யாரு?"

அதுதான் இப்போது பிரச்சினை. செத்தவருக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போக முடியாது. வேம்புலியம்மாள் திரும்ப வாங்க மாட்டாள். உயிரோடு இருப்பவர் கழுத்தில் போட்டால் தாயம்மாள் கையை ஒடித்துவிடுவாள். யாருக்கோ அது போய்ச் சேர்ந்தாக வேண்டும். சுப்பராயன்தான் சொன்னார்:

"போட்டது போட்டதுதான்வே. இந்தப் பொட்டிக்குத்தான் விதி. நாமளே தீர்ப்பு சொல்லி முடிச்சாச்சு. எடுத்துர வேண்டியதுதான்."

டீ குடித்துவிட்டு அப்போதுதான் திரும்பிய செல்வகுமார் கூட்டத்தையும் போலீஸ் ஜீப்பையும் மாலைக்குள் புதைந்திருந்த தன் பெட்டிகளையும் பார்த்து வாசலிலேயே நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்கு பேர் துணியோடும் மாலையோடும் பெட்டிகளைத் தூக்கினார்கள். மினி வேனின் பின்கதவு திறந்தது.

"பொட்டி என்னுது மாமே" என்றான் செல்வகுமார் அசோக்கிடம் பரிதாபமாக.

"சொந்தக்காரன் வந்துட்டான்" என்று ஒருவர் அவன் தோளைத் தட்டினார். "தைரியமா இரு."

கஜபதி வேனுக்குப் பின்னால் வந்து நின்றார். டோலக் தயாராக இருந்தது. ஆனால் அவர் ஆரம்பிக்கவில்லை. செத்தவரைப் பற்றி நாலு விஷயம் தெரியாமல் அவர் பாடியதே கிடையாது.

"எங்க பொறந்துச்சு?" என்று செல்வகுமாரிடம் கேட்டார்.

செல்வகுமார் முறைத்தான். பிறகு, கேட்கிறவர் மெய்யாகவே கேட்கிறார் என்று தெரிந்ததும், தன்னை அறியாமல் சொல்ல ஆரம்பித்தான். "ரிச்சி ஸ்ட்ரீட்டுல வாங்கனேன் அண்ணாத்தே. மொத கச்சேரி திருமழிசைல ஒரு வளகாப்பு. மழைல நனைஞ்சும் நிக்கல. நல்ல பொட்டி அண்ணாத்தே. யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணல, அந்த டம்ளரைத் தவிர."

*ரிச்சி தெருவில் பொறந்தவனே, நெஞ்சடிச்ச ராசாவே,*
*பதினெட்டு இஞ்சு மாருக்காரா, படுத்துக்கினியே வேனுல.*

வேன் நகர்ந்தது. அருள்மொழி முன்னால் நடந்து முனையில் வந்த பஸ்ஸை நிறுத்தினார். ஓய்வு பெற்ற தரப் பரிசோதகர்களும் மிஷின் ஆப்பரேட்டர்களும், கால் வலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும், முதலில் நடந்தார்கள், அப்புறம் தோளை ஆட்டினார்கள், இரண்டாவது தெரு தாண்டுவதற்குள் ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். தூங்க வேண்டிய பானுப்பிரியா எல்லோருக்கும் முன்னால் ஆடினாள். மதிவதனி கடிதம் கசங்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

ஜெகதீசன் ஆடவில்லை. வேனோடு ஒட்டி நடந்துகொண்டே துணியை விலக்கி, பையிலிருந்து டேப்பை எடுத்துப் பெட்டியின் வாயை அளந்தார். பிறகு கஜபதியின் காதருகே போனார்.

"பதினெட்டு இல்லைங்க. பதினஞ்சு இஞ்சுதான்."

கஜபதி பாட்டை நிறுத்தவில்லை. தாளமும் தவறவில்லை. அடுத்த சுற்றில் பதினஞ்சு என்றே பாடினார். குறைந்த மூன்று இஞ்சுக்கு ஒரு ராகத்தை இழுத்து நிரப்பிக்கொண்டார். ஜெகதீசன் கேட்டுத் தலையசைத்தார்.